இரண்டு படகுக்கும் ஒரே அண்ணி

அந்த நீர்வழியில் படகு வைத்திருக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூடக் கூச்சப்படாமல் அண்ணி என்றே கூப்பிடுவார்கள். அவளை அப்படிக் கூப்பிடும் உறவுமுறை உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் உண்டு, அவன் அவளுடைய கொழுந்தன். அவன் வாய் ஓயாமல் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் அந்தப் பெயரே எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் கிழவி என்று சொல்லாமல் விட்டார்களே, அதுவரைக்கும் சரி என்பாள்.

நீர்வழி என்றால் பெரிய ஆறு ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் ஊர்கள், மறுபக்கம் நீண்ட மணல்திட்டு, திட்டுக்கு அப்பால் கடல். நடுவில் அலையில்லாத தண்ணீர் அகலமான சாலைபோலப் போய்க்கொண்டே இருக்கும். கடலுக்குள் போகத் தைரியம் இல்லாதவர்களும், கடலைப் பார்த்துச் சலித்துப்போனவர்களும் இதில்தான் படகு ஓட்டுவார்கள். பகலெல்லாம் போவது, பொழுது சாய்வதற்குள் அகலமான இடமாகப் பார்த்து நங்கூரம் போடுவது, காலையில் தூக்குவது. ஓய்வு பெற்றவர்கள், விடுமுறைக்கு வந்தவர்கள், வீடு என்று ஒன்று இல்லாமல் படகிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் எல்லாரும் கலந்து மாலையில் ஒரு தெருவாக நிற்பார்கள். காலையில் அந்தத் தெரு கலைந்துபோகும்.

அவள் கணவரும் கொழுந்தனும் இந்தத் தெருவுக்கு மெக்கானிக்குகள். பெரியவர், சின்னவர் என்றுதான் அவர்களுக்குப் பெயர். இன்ஜின் மக்கர் செய்தால் பெரியவர். ப்ரொப்பெல்லரில் வலை சுற்றிக்கொண்டால், தண்ணீருக்கு அடியில் ஏதாவது கழன்றுபோனால் சின்னவர். மற்றவர்களுக்குத்தான் அவன் சின்னவர், அவளுக்கு எப்போதும் சின்னவன்தான். அவள் கல்யாணமாகி அந்தப் படகுக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். மாமியார் உயிரோடு இல்லை. தையல்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண், தண்ணீரைக் குழாயில் மட்டுமே பார்த்தவள், படகில் ஏறின மறுநாளே அவனுக்குத் தலைவாரிக் கரைக்கு அனுப்பவேண்டியவள் ஆனாள். பிறகு அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அதை அவள் பெரிதாக நினைக்கவும் இல்லை. ஒருத்தன்தான் ஏற்கெனவே இருந்தானே.

அந்தப் படகைப் பார்த்தவர்கள் அதில் எப்படிக் குடித்தனம் நடக்கிறது என்று கேட்பார்கள். இன்ஜின் பெட்டியின் மூடிதான் சாப்பாட்டு மேசை. படுக்கைக்கு மேலே தலை இடிக்கிற உயரத்தில் ஸ்பேனர்கள் வரிசையாகத் தொங்கும். துவைத்த துணியில் டீசல் வாடை போகாது. நீச்சல் மட்டும் அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. ரெண்டு பேர் இருக்காங்க, விழுந்தா எவனாவது ஒருத்தன் தூக்கமாட்டானா என்பாள்.

அந்த இரண்டு பேரும் ஏழெட்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஒரு படகில் இரண்டு பேரும் வேலை முடித்து ஒப்படைத்தார்கள். மறுநாள் காலையில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழைகிற ஓட்டையின் நட்டு தளர்ந்து, அதன் வழியாகத் தண்ணீர் ஏறி அந்தப் படகு கழுத்துவரை முழுகிக் கிடந்தது. படகுக்காரர் கரையில் நின்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் பெரியவர், "அதை இறுக்கினது நான் இல்ல, என் தம்பி" என்றார். இறுக்கியதில் இரண்டு பேர் கையும் இருந்தது. யார் கடைசியாகக் கை வைத்தது என்று இரண்டு பேருக்கும் நிச்சயமாகத் தெரியாது. சின்னவன் கையில் இருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டுப் போனான். எங்கோ பழைய மரப்படகு ஒன்றைப் பிடித்து, அதில் தன் துணிமணிகளோடு ஏறிக்கொண்டான்.

ஏறிக்கொண்டவன் எங்காவது தொலைந்து போயிருந்தால் கதை வேறு. போகவில்லை. அண்ணன் நங்கூரம் போடுகிற இடத்திலேயே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், தானும் போட்டான். அண்ணன் கிளம்பினால் அவனும் கிளம்புவான். கேட்டால், வேலைக்கு ரெண்டு ஆள் வேண்டுமே என்பான். அதுவும் உண்மைதான். ஒருவர் மேலே நின்று இன்ஜினைப் பார்க்க, இன்னொருவர் தண்ணீருக்குள் இருந்தால்தான் பாதி வேலைகள் நடக்கும். ஆகவே சண்டைக்குப் பிறகும் இரண்டு பேரும் ஒரே படகில், ஒரே இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தார்கள். நடுவில் அவள் நின்றாள்.

பார்க்கிறவர்களுக்கு அது நல்ல வேடிக்கை. பெரியவர் கையை நீட்டி, சின்ன ஸ்பேனரைக் கேளு என்று பெண்டாட்டியிடம் சொல்வார். ஸ்பேனர் தம்பி கையில் இருக்கும். தம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பான். காதில் விழுந்தும் அசையமாட்டான். அவள் திரும்பி, சின்ன ஸ்பேனர் வேணுமாம் என்பாள். உடனே அவள் கையில் கொடுப்பான், அவள் கணவர் கையில் கொடுப்பாள். படகுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இரண்டு கடோத்கஜன்களுக்கு நடுவில் ஒரு டெலிபோன் என்று வாத்தியார் ஒருவர் சொன்னது நீர்வழி முழுக்கப் பரவியது. அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு படகில் சுற்றுகிறவர்.

டெலிபோனுக்காவது வேறு வேலை இல்லை. அவளுக்கு அதற்கு மேலும் ஒரு வேலை இருந்தது. இவர் "அந்த முட்டாளுக்குக் கண்ணு தெரியலயா" என்று சொல்லி அனுப்பினால், அங்கே போய், கொஞ்சம் பார்த்துச் செய்யச் சொல்றார் என்பாள். அவன் "அவருக்கென்ன, யார் தலையிலயாவது பழியைப் போட்டுட்டுப் போவார்" என்றால், இங்கே வந்து, சரின்னு சொன்னான் என்பாள். மீனில் முள் எடுத்துவிட்டு ஊட்டுகிற மாதிரி, இரண்டு பேருக்கும் முள் இல்லாத வார்த்தையாகவே கொடுத்துக்கொண்டிருந்தாள். அதனால் சண்டை வளரவில்லை. தீரவும் இல்லை. நடுவில் இவ்வளவு வசதியாக ஓர் ஆள் இருந்தால் எவன்தான் வாயைத் திறப்பான் என்பது அவளுக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

உறைக்க வைத்தது ஒரு கட்டி. மார்பில், பட்டாணி அளவில். வழியில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் காட்டினாள். டாக்டரம்மா அமுக்கிப் பார்த்துவிட்டு, பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் உடனே எடுத்துவிட வேண்டும், எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றாள். பெரிய ஊர் நீர்வழியின் தென்கோடியில் இருந்தது. கணவரிடம் சின்ன ஆபரேஷன் என்று மட்டும் சொன்னாள். கொழுந்தனிடம் அதையும் சொல்லவில்லை.

அவளுக்குச் சாவதைப் பற்றிப் பெரிய பயம் இருந்ததாகத் தெரியவில்லை. பயமெல்லாம் இந்த இரண்டு ஆம்பளைகளைப் பற்றித்தான். தான் ஒருத்தி இல்லாமல் போனால் இவர்கள் என்ன ஆவார்கள்? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே, ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வாய் வராமல், இரண்டு படகில் இரண்டு கிழவர்களாகச் செத்துக் கிடப்பார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் வந்தது. பெரிய ஊர் போய்ச் சேர்வதற்குள் இவர்களைப் பேச வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். கெஞ்சிப் பார்த்து, அழுது பார்த்து ஒன்றும் நடக்காது என்று தெரியும். ஆகவே வேலைநிறுத்தம்.

கணவரிடம் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள். "இனிமே உங்க தம்பிகிட்ட எது சொல்லணும்னாலும் நீங்களே சொல்லுங்க. நான் எடுத்துட்டுப் போகமாட்டேன்."

அவர் சோற்றைப் பிசைந்தார். அவனிடமும் போய் அதையே சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, உங்களால முடியாது அண்ணி, ரெண்டு நாள் தாங்காது என்றான். தாங்கிக் காட்டுகிறேன் என்று வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வழியெல்லாம் அதே பாட்டுத்தான். நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறோம்னு அவன்கிட்ட சொல்லு என்பார். நீங்களே சொல்லுங்க என்பாள். சொல்லமாட்டார். அவன் இவர்கள் நங்கூரம் தூக்குவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வருவான். அவரிடம் டீசல் பில்டர் இருக்கா கேளுங்க அண்ணி என்பான் அவன். நீயே கேளு என்பாள். கேட்கமாட்டான். நீங்களே சொல்லுங்க, நீயே கேளு. இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் பழகிவிட்டது.

பெரிய ஊருக்கு முந்தின தங்கல், இடிந்துபோன பழைய பாலத்துக்குச் சற்று முன்னால் இருந்த அகலமான இடம். பாலம் போய்விட்டது, தண்ணீருக்குள் தூண்கள் மட்டும் மொட்டையாக நின்றன. அன்றைக்கு நல்ல கூட்டம். இவர்கள் முன்னாலேயே வந்து போட்டுவிட்டார்கள். பெரியவர் ஆழம் பார்த்து, அதற்கு ஏழு மடங்கு கயிறு விட்டார். அது இந்தத் தொழிலில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. நங்கூரம் கனத்தால் மட்டும் நிற்பதில்லை, கயிறு நீளமாகச் சாய்ந்து கிடந்தால்தான் கொக்கி மண்ணைக் கவ்விப் பிடிக்கும். கயிறு குட்டையானால் காற்று இழுக்கிற இழுப்பில் கொக்கி பெயர்ந்துவிடும்.

சின்னவன் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வழியில் இன்ஜினின் தண்ணீர்க் குழாய் வெடித்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். எங்கும் இடமில்லை. அண்ணன் படகுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் சந்து இருந்தது. வேறு வழியில்லாமல் அங்கே போட்டான். முதலில் சரியாகத்தான் இருந்தது. கடல் ஏறி நீரோட்டம் திரும்பியதும் படகுகளும் கயிற்றோடு சுற்றித் திரும்பின. இரண்டு படகும் நெருங்கி நெருங்கி, இங்கிருந்து எட்டினால் அங்கே ஒரு டீ டம்ளர் கொடுக்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டன.

இப்படி ஆவது தினம் நடக்கிற விஷயம். அதற்கு வழக்கமும் இருக்கிறது. முன்னால் வந்தவர் குரல் கொடுப்பார், பின்னால் வந்தவர் மறுபேச்சு பேசாமல் நங்கூரத்தைத் தூக்கித் தள்ளிப் போடுவார். யாரும் இதில் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் முன்னால் வந்தவர் கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் தானாக நகர்ந்தால், என் நங்கூரத்தின் மேல் உனக்கு நம்பிக்கை இல்லையா என்று முன்னால் வந்தவர் கேட்கிற மாதிரி ஆகிவிடும். வாத்தியார் தன் படகிலிருந்து கூப்பிட்டு, காலையில் காற்று வரும் என்று ரேடியோவில் சொன்னதாகவும், யாராவது ஒருவர் நகரலாமே என்றும் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னார். பின்னால வந்தவன்தான் நகரணும் என்றார் பெரியவர், வாத்தியாரைப் பார்த்து. முன்னால வந்தவர்தான் சொல்லணும் என்றான் சின்னவன், அவனும் வாத்தியாரைப் பார்த்து. வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

இடித்துக்கொள்ளாமல் இருக்க வேறு ஒரு வழி இருந்தது. கயிற்றைக் குறைத்தால் படகு சுற்றுகிற வட்டமும் குறையும். பெரியவர் எழுந்து முன்பக்கம் போய்ச் சத்தமில்லாமல் கொஞ்சம் கயிற்றை இழுத்துக் கட்டினார். அதைப் பார்த்துவிட்டு அவனும் இழுத்துக் கட்டினான். இவர் இன்னும் கொஞ்சம் இழுத்தார். அவனும் இழுத்தான். வீம்பில் இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை. ஏழு மடங்கு இருந்த கயிறு மூன்றுக்கு வந்துவிட்டது. படகில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், அடுத்தவன் அப்படிக் கட்டியிருந்தால் அறையத் தயங்காதவர்கள், ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதில் இதைச் செய்தார்கள்.

அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை போதும், தம்பி கொஞ்சம் தள்ளிப் போடேன் என்றால் அவன் போட்டுவிடுவான். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. இத்தனை வருஷத்தில் இரண்டு படகும் இவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை. இந்த நெருக்கத்தில் எப்படியும் ஒருவர் வாயைத் திறந்தாக வேண்டும், நாளைக்கு ஊர் போவதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு படுத்தாள்.

காற்று விடியும்போதே வந்துவிட்டது. மழை இல்லை, வெறும் காற்று. படகுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளின. பெரியவர் எழுந்து ஓடி, இருந்த கயிற்றையெல்லாம் விட்டார். அவருடைய நங்கூரம் பிடித்துக்கொண்டது. சின்னவனுடையது பிடிக்கவில்லை. அவன் படகு மெதுவாகப் பின்னால் நகர்ந்து, பாலத்துத் தூண்களைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

அவனும் வெளியே வந்துவிட்டான். முன்பக்கம் மண்டியிட்டு, கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். நனைந்து இறுகிப்போன முடிச்சு அவிழ மறுத்தது. மிச்சக் கயிறெல்லாம் அவனுக்குப் பக்கத்தில் சுருளாகக் கிடந்தது. படகு ஆட்டத்தில் அந்தச் சுருள் சரிந்து அவன் காலைச் சுற்றி வந்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை. பெரியவர் கவனித்தார். முடிச்சு அவிழ்ந்தால் அத்தனை கயிறும் ஒரே மூச்சில் ஓடும். நடுவில் எது அகப்பட்டாலும் கூடவே போகும்.

அவர் தம்பியைப் பார்க்கவில்லை. திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். ஏழெட்டு வருஷத்துப் பழக்கம்.

"அவன்கிட்ட சொல்லு. கால்ல கயிறு."

"நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள்.

அது அவள் யோசித்துச் சொன்னதில்லை. வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்பதே அவளுக்குப் புரிந்தது. அதற்குள் பெரியவர் தம்பியைப் பார்த்துக் கத்திவிட்டார். டேய் என்று ஆரம்பித்து, காலு காலு என்று தொண்டை கிழியக் கத்தினார்.

சின்னவன் நிமிர்ந்தான். எழுந்து நின்றான். காற்றில் தலைமுடி பறக்க, அண்ணனைப் பார்த்தான். அந்த முகத்தில் பயம் இல்லை, திகைப்புதான். பிறகு கண்ணை அண்ணியின் பக்கம் திருப்பி ஏதோ கேட்டான். பாதி தளர்ந்திருந்த முடிச்சு அப்போது அவிழ்ந்தது. கயிறு ஓடியது. அவன் உட்கார்ந்த மாதிரி இருந்தது, அப்புறம் அங்கே அவன் இல்லை.

கயிறு முழு நீளத்துக்கும் ஓடி முடித்ததும் நங்கூரம் மண்ணைக் கவ்விக்கொண்டது. அந்த மரப்படகு தூண்களுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

பெரியவர் குதித்து நீந்திப்போய் அந்தப் படகில் ஏறி, தனி ஆளாகக் கயிற்றை இழுத்தார். வாத்தியாரும் இன்னும் சிலரும் சின்னப் படகுகளில் போய்ச் சேருவதற்குள் அவருடைய உள்ளங்கைகளில் தோல் இல்லை. நீச்சல் தெரியாத அவள் தன் படகிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவனை மேலே தூக்கியபோது கயிறு இன்னும் அவன் கணுக்காலில்தான் இருந்தது.

அடக்கம் பெரிய ஊரில்தான் நடந்தது. நீர்வழிக்காரர்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள், காற்று என்றார்கள், முடிச்சு என்றார்கள். வாத்தியார் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் ஆபரேஷனும் ஆயிற்று. அவளுக்கு அதில் அக்கறையே இல்லை, பெரியவர்தான் கட்டுப்போட்ட கைகளோடு அழைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தார். கட்டியை எடுத்துச் சோதித்துவிட்டு, கெட்டது இல்லையம்மா, வெறும் கொழுப்புக் கட்டி, நீங்க நூறு வருஷம் இருப்பீங்க என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். சாகப்போவது தான் என்று நினைத்துத்தான் அவள் இத்தனையும் செய்தாள். டாக்டர் போனபிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அவன் செத்ததிலிருந்து வராத அழுகையை அன்றைக்கு அழுதாள்.

தையல் பிரிப்பதற்கு முந்தின நாள் பெரியவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கடைசியா அவன் வாய் அசைஞ்சுது. காத்துல எனக்கு ஒண்ணும் விழல. உனக்கு விழுந்துச்சா?"

அவள் காதில் விழுந்தது. இத்தனை வருஷமாக அவன் வார்த்தையைப் பிடித்துப் பழகின காது அது. அண்ணான்னு கூப்பிட்டான் என்று சொன்னால் போதும், இந்த மனிதர் மிச்ச நாளை அதை வைத்துக்கொண்டு ஓட்டிவிடுவார். அப்படி எத்தனையோ சொல்லிக் கொடுத்தவள்தான் அவள். இதைச் சொல்வதா சிரமம்? ஆனால் அவன் கடைசியாகப் பேசியதை மாற்ற அவளுக்கு மனசு வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"'அவருக்கு என்ன வேணுமாம் அண்ணி'ன்னு என்கிட்ட கேட்டான்."

பெரியவர் கட்டுப்போட்ட கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் கூப்பிட்டது அவனுக்குக் கேக்கவே இல்லையா?"

"கேட்டுச்சு" என்றாள் அவள். "உங்க குரல் கேட்டுத்தான் எழுந்து நின்னான்."

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அவள் கூப்பிடவில்லை.